கோவேறு கழுதைகள் நடந்த பாதையில் ஒன்பது நாள்

செப்டம்பர் 12, கானெல்ஸ்வில்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் இரண்டு ஆறுகள் கூடி ஒஹையோ ஆறாகும் முனையிலிருந்து காலை ஏழரைக்குச் சைக்கிளில் கிளம்பினோம், நானும் மச்சானும். வாஷிங்டன் வரை மொத்தம் 540 கி.மீ. அளவு வரும். முதல் 240 கி.மீ. ‘கிரேட் அலிகெனி பாசேஜ்’, பழைய ரயில் தடம். மீதி செசபீக்–ஒஹையோ கால்வாயின் கரை, கோவேறு கழுதைகள் படகை இழுத்துக்கொண்டு நடந்த பாதை. ஊர்களுக்குள் கொஞ்ச தூரம் தெருவில் ஓட்ட வேண்டும். மற்றபடி கார், லாரி பேச்சே கிடையாது.

ஹோம்ஸ்டெட்டில் இடித்த எஃகு ஆலையின் 12 புகைபோக்கிகள் மட்டும் தனியாக நிற்கின்றன. அதற்கப்புறம் மெல்ல மெல்ல ஊர் கரைந்து காடாகிவிட்டது. இன்று 95 கி.மீ. மச்சான் மடக்கு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்திருப்பது இப்போதுதான் தெரிந்தது. “மாப்ளே, ராத்திரி நீங்களும் உட்காரலாம்” என்கிறார். பார்ப்போம்.

செப்டம்பர் 13, ராக்வுட்

கான்ஃப்ளூயன்ஸ் ஊர் வரை யாக்கியகேனி ஆற்றை ஒட்டியே பாதை, அப்புறம் காசில்மன் ஆறு. ஒஹையோபைல் அருவியை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம் (நாற்காலியில் நான்தான் உட்கார்ந்தேன்).

ஏறிக்கொண்டே இருக்கிறோம், ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை. பெடலை நிறுத்தினால் மட்டும் வண்டி சீக்கிரமே சோர்ந்து நின்றுவிடுகிறது. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிமானம் குறைவு. செங்குத்தான ஏற்றத்தில் வழுக்கும். அதனால் மலையை வெட்டி, பள்ளத்தை மேடாக்கித்தான் தடம் போட்டிருக்கிறார்கள். பிட்ஸ்பர்க்கிலிருந்து உச்சி வரை 200 கி.மீ. தூரத்தில் ஏற்றம் 510 மீட்டர்தான். அன்றைக்கு நிலக்கரி வண்டிக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்த சரிவு, இன்றைக்கு என் முழங்காலுக்கு ஆகிறது.

செப்டம்பர் 14, கம்பர்லேண்ட்

இன்றைய நாளுக்காகவே இந்தப் பயணம் வரலாம். மேயர்ஸ்டேலுக்கு முன்னால் சாலிஸ்பரி பாலம்: 582 மீட்டர் நீளம், கீழே ஆறும் நெடுஞ்சாலையும் ரயில்பாதையும். காற்று பக்கவாட்டில் அடித்ததில் இரண்டு முறை கால் ஊன்ற வேண்டியிருந்தது. இந்தத் தடத்தில் 1912-இல் ஓடத் தொடங்கிய ரயில் 1975-இல் நின்றுபோனது. அப்புறம் துண்டு துண்டாகப் பாதை போட்டு, 2013-இல்தான் முழுதாக இணைத்தார்கள்.

நீர்பிரிமேடு 729 மீட்டர் உயரத்தில். இந்தப் பக்கம் விழும் மழை மெக்சிகோ வளைகுடாவுக்கு, அந்தப் பக்கம் விழுவது அட்லாண்டிக்குக்கு. மச்சான் இரண்டு பக்கமும் பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிவிட்டு வந்தார். அடுத்து பிக் சாவேஜ் சுரங்கம், ஒரு கிலோமீட்டர். உள்ளே விளக்கு உண்டு. குளிர்காலத்தில் கதவைச் சாத்திவிடுவார்கள், டிசம்பரில் வருபவர்கள் கவனிக்க. வெளியே வந்ததும் மலை அடுக்குகள் கண்ணுக்கு எட்டும் வரை. அங்கிருந்து 35 கி.மீ. அளவு இறக்கம். இரண்டு நாளாகச் சேர்த்து வைத்த உயரத்தை இரண்டு மணி நேரத்தில் செலவழித்தோம்.

செப்டம்பர் 15, பா பா சுரங்கத்துக்கு அப்பால், கூடாரத்தில்

கம்பர்லேண்டில் ரயில் தடம் முடிந்து கால்வாய்க் கரை தொடங்குகிறது. சுண்ணாம்புக்கல் பொடி போய் மண்ணும் கூழாங்கல்லும் மரவேரும். மூன்று மணிக்கு மழை.

இந்தச் சேற்றைப் பற்றிப் பலரும் எச்சரித்திருந்தார்கள், நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. களிமண் டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே அப்பி, காய்ந்த இலைகளும் சேர்ந்து, பின்சக்கரம் சுற்றவே மறுத்தது. குச்சியால் குடைந்தால் ஒரு பிடி வரும். நூறு மீட்டர் போனால் மறுபடி அதே கதை. ஐந்தாவது முறை மட்கார்டையே கழற்றிப் பையில் கட்டிவிட்டேன். அப்புறம் சேறெல்லாம் முதுகில். மச்சான் தன் வண்டிக்கு மட்கார்டே போடவில்லை என்பதை இன்று நான்கு தடவை ஞாபகப்படுத்தினார்.

பா பா சுரங்கம் 950 மீட்டர். விளக்கு கிடையாது. ஒருபக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் ஒடுக்கமான நடைபாதை. இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். 1836-இல் வேலையைத் தொடங்கியபோது இரண்டு வருடத்தில் முடியும் என்றார்கள். பணம் தீர்ந்து, கலவரம் வந்து, பாதியில் நின்று, முடிந்தது 1850-இல். உள்ளே சுவர் வளைவுக்கு மட்டும் அறுபது லட்சம் செங்கல்.

நடுவில் டார்ச்சை அணைத்துவிட்டுக் கைப்பிடிக் கட்டையைத் தடவினேன். மரத்தில் வழவழவென்று பள்ளங்கள், என் சுண்டுவிரல் படுக்கிற ஆழம். கோவேறு கழுதைகள் படகை இழுத்த கயிறு தேய்த்த தடம் அது. ஒரு படகு மட்டுமே போகிற அகலம். எதிரெதிரே வந்த இரண்டு படகுக்காரர்கள் நீயா நானா என்று நாட்கணக்கில் நின்று, கடைசியில் புகை போட்டு விரட்டினார்கள் என்று ஒரு கதை உண்டு. இருட்டில் அந்தக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது நம்பத் தோன்றுகிறது.

செப்டம்பர் 16, வில்லியம்ஸ்போர்ட்

இரவெல்லாம் ரயில். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிலக்கரி வண்டிகள் கூவிக்கொண்டே போகின்றன. இதில் ஒரு பழைய பகை இருக்கிறது. 1828 ஜூலை 4 அன்று, குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் இந்தக் கால்வாய்க்கு முதல் மண்ணை வெட்டினார். அதே நாளில் பால்டிமோரில் பால்டிமோர்–ஒஹையோ ரயில்பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். இருவருக்கும் இலக்கு ஒஹையோ ஆறு. ரயில் 1842-இல் கம்பர்லேண்ட் வந்தது, கால்வாய் வந்தது 1850-இல். எட்டு வருடம் பிந்தியதோடு அங்கேயே நின்றும்விட்டது. பெயரில் மட்டும் ஒஹையோ. 1924 வெள்ளத்துக்குப் பிறகு படகே ஓடவில்லை. தோற்றவன் வீட்டில் கூடாரம் போட்டால், ஜெயித்தவன் இன்னமும் வாசலில் வந்து கூவிவிட்டுப் போகிறான்.

சேற்றிலிருந்து தப்பிக்க ஒரு வழி: லிட்டில் ஆர்லியன்ஸிலிருந்து பிக் பூல் வரை கால்வாய்க்கு இணையாக இன்னொரு பழைய ரயில் தடம், தார் போட்டது, 45 கி.மீ. மழை பெய்திருந்தால் யோசிக்காமல் அதில் ஏறிவிடுங்கள்.

வில்லியம்ஸ்போர்ட்டில் கானகாசீக் தொட்டிப்பாலம். 1920-இல் ஒரு படகு மோதிப் பக்கச்சுவர் இடிந்து, படகு ஆற்றில் விழுந்தது. நூறு வருடம் கழித்துச் சுவரைத் திரும்பக் கட்டி, தண்ணீரும் விட்டிருக்கிறார்கள். ஆற்றுக்கு மேலே இன்னொரு நீரோட்டம் போவதை எத்தனை நேரம் பார்த்தாலும் அலுப்பதில்லை.

செப்டம்பர் 17, ஆன்டீடம் ஓடை

தேதியைத் திட்டமிட்டு வரவில்லை. காலையில் மச்சான் சொன்ன பிறகுதான் உறைத்தது. 1862-இல் இதே நாளில்தான், அமெரிக்க உள்நாட்டுப் போரில், ஆன்டீடம் சண்டை. அமெரிக்க வரலாற்றிலேயே ஒரே நாளில் இத்தனை ரத்தம் சிந்தியது அன்றுதான். இறந்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 23,000 பேர்.

கரையோரமாகவே கில்லியன்ஸ்பர்க் குகை. போர் நடந்தபோது ஷார்ப்ஸ்பர்க் ஊர்மக்கள் இங்கேதான் ஒளிந்திருந்தார்கள். குகை என்று சொல்வதைவிடப் பாறை இடுக்கு என்றால் பொருந்தும். ஏறிப்போய் உட்கார்ந்தேன். எதிரே பொட்டோமாக் ஆறு, சத்தமே இல்லாமல்.

போர்க்களம் பார்க்கக் கார் ஓடும் சாலையில் ஏறினோம். அது ரயில் ஏறும் மேடு இல்லை என்பதைத் தொடை உடனே சொல்லிவிட்டது. ஆறு நாள் கழித்து முதன்முதலாக ஒரு லாரி உரசுவது போலக் கடந்தபோது கை நடுங்கிவிட்டது. அதற்குள் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது.

‘ரத்தச் சந்து’ என்பது வயல்களுக்கு நடுவே வண்டிகள் ஓடி ஓடிக் குழிந்த ஒரு பாதை, அவ்வளவுதான். அதில்தான் பிணங்கள் குவிந்தன. வண்டிச் சக்கரம் குழித்த பாதை, பதுங்க வாகாக இருந்தது. மச்சான் திரும்பி வரும் வரை ஒன்றும் பேசவில்லை.

செப்டம்பர் 18, மனாக்கசி

ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் பாலத்தின் மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் ஊரைப் பார்த்தோம். 1859-இல் அடிமை முறையை எதிர்த்த ஜான் பிரவுன் ஆயுதக் கிடங்கைப் பிடித்தது இங்கேதான். கூட்டம் அதிகம், சீக்கிரம் திரும்பிவிட்டோம். கரையில் நடப்பவர்களும் நிறைய; இங்கே மணி கட்டாயம், வேகம் மணிக்கு 24 கி.மீ. தாண்டக் கூடாது. என் மணியில் சேறு புகுந்து ‘டொக்’ என்கிறது.

மாலையில் மனாக்கசி தொட்டிப்பாலம், ஏழு வளைவு, 1833-இல் முடிந்தது. 1862-இல் படையினர் தகர்க்கப் பார்த்தும் கல் அசைந்து கொடுக்கவில்லை. அதன் கீழே கைபம்பில் முகம் கழுவினோம்.

செப்டம்பர் 19, ஜார்ஜ்டவுன்

கடைசி 68 கி.மீ. ஒரு லாக் விடாமல் எண்ணிக்கொண்டு வந்தேன். கதவு சாத்திய கல்தொட்டியில் தண்ணீரை நிரப்பியோ வடித்தோ படகை ஏற்றி இறக்கும் அமைப்புதான் லாக். கால்வாய் முழுக்க மொத்தம் 74. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சைக்கிள் சட்டென்று இரண்டரை மீட்டர் அளவு சறுக்கும், அப்புறம் மறுபடி சமதரை. படகுக்குப் படிக்கட்டு, நமக்குச் சறுக்குமரம்.

1950-களில் இதன் மேல் கார்ச்சாலை போடப் பார்த்தார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் 1954-இல் பத்திரிகை ஆசிரியர்களை அழைத்துக்கொண்டு முழுக் கரையையும் நடந்து காட்டினார். 1971-இல் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது.

பூஜ்ஜியம் மைல்கல் ஒரு படகுத்துறைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. இருபது நிமிடம் தேடினோம். படம் எடுக்க ஆளில்லை. நாற்காலியில் போனை வைத்து எடுத்தோம். சரி, அந்த நாற்காலிக்கு ஒரு உபயோகம்.

செப்டம்பர் 20, ரயிலில்

சைக்கிளோடு ஏறிக்கொள்ளலாம் என்பதால் பிட்ஸ்பர்க்குக்கு ரயிலிலேயே திரும்புகிறோம். கால்வாயைத் தோற்கடித்த அதே பழைய பால்டிமோர்–ஒஹையோ தடம். ஒரு வாரம் மிதித்தது எட்டு மணி நேரத்தில் பின்னோக்கி ஓடுகிறது.

இருட்டும் நேரம். ஆற்றின் அந்தக் கரையில், மரங்களுக்கு நடுவே, ஆரஞ்சு நிறத்தில் ஒரு கூடாரம் தெரிந்தது. மச்சானைத் தட்டிக் காட்டுவதற்குள் எங்கள் வண்டி நீளமாக ஒரு முறை கூவியது.