ராணிப்பேட்டையிலிருந்து ஜாம்பியாவுக்கு: ஒரு கிரஷர் உதிரிபாக ஆர்டரை அனுப்பி முடித்த அனுபவம்

"ஜா கிரஷருக்கு பேரிங் வேண்டும். மிக அவசரம். விலை அனுப்பவும்." ஜாம்பியாவின் செப்புச் சுரங்கப் பகுதியில், கிட்வே நகருக்கு அருகே கல் உடைக்கும் ஒரு நிறுவனத்திடமிருந்து வந்த மின்னஞ்சலில் இவ்வளவுதான் இருந்தது. எந்த மாடல், எந்த ஆண்டு, எத்தனை பேரிங் என்று எதுவும் இல்லை.

ராணிப்பேட்டை சிப்காட்டில் கல் உடைக்கும் இயந்திரங்கள் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் வெளிநாட்டு உதிரிபாக விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். எங்களுக்கு வரும் விசாரணைகளில் பாதி இப்படித்தான் வரும். விலைப்பட்டியலைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் பதில் போட்டுவிடலாம். நான் அப்படிச் செய்வதில்லை. கல்லை இரண்டு தாடைகளுக்கு நடுவே நசுக்கி உடைக்கும் இயந்திரம் ஜா கிரஷர். அதன் தண்டில் நான்கு பேரிங்குகள் இருக்கின்றன. இரண்டு சட்டகத்தில், இரண்டு பிட்மேன் எனப்படும் அசையும் தாடையில். சில மாடல்களில் நான்கும் ஒரே அளவு, சிலவற்றில் இரண்டு அளவு. தவறான பேரிங் ஒன்று அங்கே போய் இறங்கினால் அந்த வாடிக்கையாளருக்கு விமானக் கட்டணமும் சுங்க வரியும் வீண். ஆலை நிற்கும் நாட்கள் அதைவிடப் பெரிய இழப்பு. ஆகவே என் முதல் பதிலில் விலை இருக்காது, கேள்விகள்தான் இருக்கும். நேம் பிளேட்டின் படம், பழைய பேரிங்கின் வளையத்தில் பொறித்திருக்கும் எழுத்துகளின் படம், கல்லை நசுக்கும் பல் வைத்த தகடான ஜா பிளேட் தேய்ந்திருக்கும் விதம், உடைப்பது என்ன கல், இவை எல்லாம் வேண்டும் என்று எழுதினேன்.

ஜாம்பியா நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அவர்கள் காலை எட்டு மணிக்கு வேலையைத் தொடங்கும்போது இங்கே பதினொன்றரை. அவர்களுடைய பணிமனைக்காரர் இயந்திரத்தின் மேல் ஏறிப் படம் எடுத்து அனுப்பியபோது எனக்கு இரவாகிவிட்டது. நேம் பிளேட்டின் மேல் பல ஆண்டுகளின் கல்தூள் படிந்திருந்தது. துடைத்துவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னேன். வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் தேய்ந்துபோயிருந்தன. ஆனால் முகவரி வரி தெளிவாக இருந்தது. ராணிப்பேட்டை என்பதற்கு அடுத்து வட ஆற்காடு மாவட்டம் என்று பொறித்திருந்தார்கள். வட ஆற்காடு 1989இல் பிரிக்கப்பட்டு, திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் போனது. ராணிப்பேட்டை இருந்த மீதிப் பகுதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் மாறியது. ராணிப்பேட்டை தனி மாவட்டமானது 2019இல். எனவே இந்த இயந்திரம் பெரும்பாலும் 1989க்கு முன்னால் எங்கள் வாசலைத் தாண்டியிருக்க வேண்டும். பழைய பெயரை அதற்குப் பிறகும் பழக்கத்தில் பொறித்திருக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்பி விலை போட முடியாது. ஆனால் எந்தப் பதிவேட்டைப் புரட்டுவது என்று அது காட்டிக்கொடுத்தது.

வடிவமைப்புப் பிரிவில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் அண்ணாதான். கணினிக்கு ஏறாத பழைய இயந்திரங்களின் விவரங்கள் கையெழுத்துப் பதிவேடுகளாக அவருடைய அலமாரியில் இருக்கின்றன. படத்தைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "தம்பி, இந்த வரிசையில் முதலில் போனவை எல்லாம் நேர்த்துளை பேரிங். நடுவில் வரைபடத்தை மாற்றிக் கூம்புத்துளையாக்கினோம். கடைசி இரண்டு எண் தெரியாமல் நீங்கள் எதையும் அனுப்பக் கூடாது" என்றார். விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். ஆப்பிரிக்காவுக்குப் போன பழைய இயந்திரங்கள் சொற்பம். அவற்றில் இந்த மாடலுக்கும் இந்த எண்ணின் முற்பகுதிக்கும் பொருந்தியது ஒன்றே ஒன்று. அது நேர்த்துளைக் காலத்தது. மறுநாள் பழைய பேரிங் வளையத்தின் படம் வந்தது. கூம்புத்துளை பேரிங்கின் எண்ணில் 'கே' என்ற எழுத்து சேர்ந்து வரும். இதில் அது இல்லை. உள் இடைவெளியைக் குறிக்கும் 'சி3' மட்டும் இருந்தது. பதிவேடும் பேரிங்கும் ஒன்றையே சொன்ன பிறகுதான் விலை எழுத உட்கார்ந்தேன்.

அவர்கள் அனுப்பிய இன்னொரு படத்தில் ஜா பிளேட் இருந்தது. கீழ்ப்பகுதி வழவழவென்று தேய்ந்து பற்களே இல்லை. மேல்பகுதி ஏறக்குறைய புதிது. கல் நசுங்கி வெளியேறுவது கீழே என்பதால் தேய்மானமும் அங்கேதான் அதிகம். பல ஜா பிளேட்டுகளைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு மறுபாதியையும் பயன்படுத்தலாம். இவர்கள் திருப்பவே இல்லை. புதிய செட் விற்கவேண்டிய நான், பேரிங் மாற்றக் கிரஷரை எப்படியும் பிரிக்கிறீர்கள், அப்போதே பிளேட்டையும் திருப்பிவிடுங்கள், புதியது கப்பலில் நிதானமாக வரட்டும் என்று எழுதினேன். எங்கள் பிரிவிலேயே சிலருக்கு இது பிடிக்கவில்லை. அவசரத்தில் இருப்பவரிடம் எல்லாவற்றையும் விமானத்தில் விற்பதுதான் சாமர்த்தியம் என்று நினைப்பவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. டன் கணக்கான மாங்கனீஸ் எஃகு பிளேட்டுகளை விமானத்தில் ஏற்றவைத்தால், அந்த வாடிக்கையாளர் அடுத்த முறை வேறு ஊரில் விலை கேட்பார்.

மாங்கனீஸ் எஃகைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ராபர்ட் ஹாட்ஃபீல்ட் 1882இல் கண்டுபிடித்த இந்த எஃகு, அடி வாங்க வாங்க மேற்பரப்பு இறுகும் தன்மை கொண்டது. அதனால்தான் உடைக்கும் கல் எது என்று கேட்கிறேன். கடினமான கல் ஓங்கி மோதினால் பிளேட் இறுகி நெடுநாள் உழைக்கும். மென்மையாக உரசிக்கொண்டே போகும் கல்லில் இறுகாமலே தேய்ந்துவிடும். அவர்களுடையது கடினப் பாறை. மாங்கனீஸ் அதிகமுள்ள விலை உயர்ந்த ரகம் தேவையில்லை என்றேன்.

விலைப்புள்ளியை இரண்டாகப் பிரித்தேன். பேரிங் சென்னையிலிருந்து லுசாகாவுக்கு விமானத்தில். ஜா பிளேட்டும் மற்றவையும் தார் எஸ் சலாம் துறைமுகத்துக்குக் கப்பலில், அங்கிருந்து லாரியில். ஜாம்பியாவுக்குக் கடற்கரை கிடையாது. தார் எஸ் சலாமில் இறங்கும் சரக்கு தான்சானியாவைக் கடந்து நகோண்டே எல்லை வழியாகப் போக வேண்டும்.

அடுத்தது எல்.சி., அதாவது ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி எழுதிக்கொடுக்கும் உறுதிக் கடிதம். பணம் அந்த வழியில்தான் வருகிறது. ஆனால் பலரும் கடைசியில் படிப்பது அதைத்தான். வங்கி வெளியிடுவதற்கு முன் வரைவை அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கினேன். பகுதி பகுதியாகச் சரக்கு அனுப்ப அனுமதி இல்லை என்று அதில் இருந்தது. நாங்களோ ஒன்றை வானத்திலும் மற்றொன்றைக் கடலிலும் அனுப்பப் போகிறோம். அனுப்பும் இடமாகத் துறைமுகத்தை மட்டும் குறித்திருந்தார்கள், விமான நிலையம் இல்லை. பொருள் விவரத்தில் ஒவ்வொரு பாகத்தின் எண்ணையும் நீளமாக அடித்திருந்தார்கள். அதில் ஓர் எழுத்து மாறினாலும் நம் இன்வாய்ஸும் அந்தப் பிழையோடு போக வேண்டும், இல்லாவிட்டால் வங்கி முரண்பாடு என்று நிறுத்திவைக்கும். கிரஷர் உதிரிபாகங்கள், இந்தப் புரோஃபார்மா இன்வாய்ஸின்படி (நாங்கள் முன்னதாகக் கொடுத்த விலை விவரத்தாள்) என்று ஒரே வரியில் போடச் சொன்னேன். வெளியிட்ட பிறகு திருத்தினால் கட்டணமும் ஆகும், நாளும் போகும். வரைவில் மாற்றினால் ஒரு மின்னஞ்சலோடு முடிகிறது.

எங்கள் வட்டாரத்தில் ஏற்றுமதி என்றாலே தோல். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று காலணிக்கும் தோலுக்கும் காகிதம் தயாரிப்பதில் கைதேர்ந்த கஸ்டம்ஸ் ஏஜென்டுகள் நிறைய இருக்கிறார்கள். இயந்திர உதிரிபாகத்துக்குச் சுங்க வகைப்பாட்டில் தனிக் கவனம் தேவை. ஜா பிளேட் கிரஷரின் பாகம் என்பதால் 8474 90இல் போகும். பேரிங்கும் அதே கிரஷரில் உட்காரப்போவதுதான், ஆனாலும் அதற்கென்று 8482 தனியாக இருப்பதால் அங்கேதான் வகைப்படுத்த வேண்டும். எல்லாமே கிரஷர் பாகம் என்று ஒரே எண்ணில் தள்ளினால் இங்கே தப்பித்தாலும் அங்கே இறக்குமதியில் சிக்கும்.

மரப்பெட்டிக்கும் விதி இருக்கிறது. மரப் பொதிகளுக்கான சர்வதேச விதியான ஐ.எஸ்.பி.எம். 15இன்படி மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும், அதற்கான முத்திரை பெட்டியில் தெரிய வேண்டும். முட்டுக்கொடுக்கும் கட்டைக்கும் இது பொருந்தும். கன்டெய்னர் ஏற்றும்போது தொழிலாளர்கள் கைக்குக் கிடைத்த கட்டையை நடுவில் செருகிவிடுவார்கள். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கட்டையையும் பார்த்தேன். கனமான பிளேட்டை ஒரே இடத்தில் குவிக்காமல் தரை முழுவதும் பாரம் பரவும்படி அடுக்கினோம். எடைமேடையில் ஏற்றி மொத்த எடைச் சான்று வாங்கினோம். 2016 ஜூலை முதல் அது இல்லாமல் கன்டெய்னர் கப்பலேற முடியாது. தொழிற்சாலையிலேயே மின்முத்திரை வைத்து இரவில் லாரியைச் சென்னைக்கு அனுப்பினோம்.

கப்பல் நிறுவனம் கடைசி நேரத்தில் எங்கள் கன்டெய்னரை அடுத்த கப்பலுக்குத் தள்ளிவிட்டது. இத்துறையில் இது வாடிக்கை. எல்.சி.யின் கடைசி ஏற்றுமதித் தேதியை வரைவிலேயே தாராளமாகக் கேட்டு வாங்கியிருந்ததால் இடைஞ்சல் இல்லை. சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணமான பில் ஆஃப் லேடிங்கின் வரைவில் ஜாம்பியாவுக்குப் போகும் வழிச்சரக்கு என்ற குறிப்பு விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்க்கவைத்த பிறகே ஒப்புதல் கொடுத்தேன். அது இல்லாவிட்டால் தார் எஸ் சலாமில் தான்சானியாவுக்கான சரக்காகக் கருதிவிடக்கூடும்.

அதற்குள் பேரிங் கிட்வே போய்ச் சேர்ந்துவிட்டது. தண்டில் ஏற்றும்போது அவர்கள் எண்ணெயில் சூடாக்கினார்கள். வெப்பநிலை எவ்வளவு என்று கேட்டுக் குறுஞ்செய்தி வந்தது. 110 டிகிரிக்கு மேல் போகாதீர்கள், நெருப்பை நேராகக் காட்டாதீர்கள் என்று உடனே பதில் அனுப்பினேன். திருப்பிப் போட்ட பழைய பிளேட்டோடு கிரஷர் ஓடும் காணொளியை அன்று மாலையே அனுப்பினார்கள். கல் விழும் சத்தத்தை எங்கள் பிரிவில் எல்லோருமாகக் கேட்டோம். அண்ணாவை அழைத்துவந்து காட்டினேன். "சத்தம் சீராக இருக்கிறது, பேரிங் சரியாக உட்கார்ந்திருக்கிறது" என்றார்.

கப்பல் ஆவணங்களை எல்.சி. கொடுத்த கெடுவுக்குள் வங்கியில் சேர்த்தோம். முரண்பாடு ஏதும் சொல்லாமல் பணம் வந்தது. இப்போது அந்த வாடிக்கையாளர் ஓராண்டுக்கு இருப்பில் வைக்க வேண்டிய பாகங்களின் பட்டியல் கேட்டிருக்கிறார். தயாரித்துக்கொண்டிருக்கிறேன். அதில் முதலில் டாகிள் பிளேட்டை எழுதியிருக்கிறேன். உடையாத இரும்புத் துண்டு ஏதாவது உள்ளே விழுந்தால், மற்றதைக் காப்பாற்ற முதலில் முறிவதற்கென்றே செய்த பாகம் அது. விலையும் குறைவு. அது இல்லாமல் ஒரு கிரஷர் வாரக்கணக்கில் நிற்கத் தேவையில்லை.