ஒரே தாளில் சிட்டும் முட்டைக்கோஸ் மரமும்: மூன்றாவது வாரம்

சிலி நாட்டுக்குச் சொந்தமான ஹுவான் பெர்னாண்டஸ் தீவுகள், கரையிலிருந்து சுமார் 670 கி.மீ. தள்ளி பசிபிக் கடலில் இருக்கின்றன. அங்கே மட்டுமே இயற்கையாக வாழும் இரண்டு உயிர்களை ஒரே தாளில் நீர்வண்ணத்தில் வரைந்து ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ஒன்று, ஃபயர்கிரவுன் என்ற ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்டு). இன்னொன்று டெண்ட்ரோசெரிஸ் லிட்டோராலிஸ் என்ற சிறு மரம். இலைகள் அகன்றிருப்பதால் தீவுக்காரர்கள் அதை முட்டைக்கோஸ் என்கிறார்கள், குடும்பமோ சூரியகாந்தியுடையது. இரண்டுமே அழிவின் விளிம்பில் நிற்பவை.

முதல் வாரம் வீண். பூக்கொத்தை நிமிர்ந்து நிற்பதாக வரைந்துவிட்டேன். உண்மையில் அந்த ஆரஞ்சுப் பூக்கள் தலைகவிழ்ந்து தொங்குகின்றன. அழித்து அழித்துத் தாளே நைந்துபோனது.

பறவையிலும் சறுக்கல்தான். ஆண் சிட்டுக்கு உடல் முழுக்கச் செங்காவி நிறம், எடை சுமார் 11 கிராம். மேலே நீலப்பச்சையும் வயிறு வெள்ளையுமாக ஒரு படம் கிடைத்ததும், பெயரை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று ஒதுக்கினேன். அது பெண்ணாம்! சரி, எனக்கு மட்டும் வந்த குழப்பம் இல்லை. 19ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்களே இரண்டையும் வெவ்வேறு இனங்களாகத்தான் பெயரிட்டிருக்கிறார்கள்.

இந்த வாரம் முழுக்க ஆணின் உச்சந்தலையோடு மல்லுக்கட்டு. பூவின் ஆரஞ்சு நிறமியால் வருவது, ஒரே பூச்சில் அடங்கிவிட்டது. தலையின் மினுமினுப்போ இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைத் திருப்புவதால் வருவது. கோணம் மாறினால் அதே இடம் கருத்துப்போகும். கடைசியில் அடர்பழுப்பை அடியில் பூசி, காய்ந்தபிறகு நுனித் தூரிகையால் ஏழெட்டுச் சிவப்புப் புள்ளிகள் மட்டும் வைத்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் தேறுகிறது.

ஓரத்தில் ஒப்பீட்டுக் குறிப்பு எழுதும்போதுதான் வித்தியாசம் உறைத்தது. செடியைத் தின்றது ஆடு. சிட்டைப் பிடிப்பது பூனையும் எலியும். காட்டை அமுக்குவது வெளியிலிருந்து வந்த பிளாக்பெர்ரி புதர். செடியை விதையிலிருந்து எங்கும் வளர்த்துக் காப்பாற்றலாம், தோட்டங்களில் வளர்க்கவும் செய்கிறார்கள். சிட்டுக்கு அந்த வசதி இல்லை. ஆனால் தீவின் கிராமத்துத் தோட்டங்களில் நட்ட இதே மரத்தின் பூக்களுக்குத்தான் அது தேன் குடிக்க வருகிறது. அதனால் நடுவில் போட்டிருந்த பிரிகோட்டை அழித்துவிட்டேன்.

கீழே பெண் சிட்டுக்கு இடம் காலியாக இருக்கிறது. நீலப்பச்சை தீர்ந்துவிட்டது, வாங்கியதும் தொடர வேண்டும்.