நட்சத்திரம் கண்ணில் படாமல் போன கதை

மூன்று வாரமும் இரண்டு பஸ் பயணமும் வீணான கடுப்பு இன்னும் தீரவில்லை. கையில் இருந்தது ஆழ்கடல் அடித்தளத்திலிருந்து எடுத்த ஒரு கடலைப்பருப்பு அளவு சேறு; அதிலிருக்கும் கொக்கோலித் (நுண்ணிய கடற்பாசிகளின் மேலிருக்கும் சுண்ணாம்புத் தகடு, கல்சைற்றால் ஆனது) இனங்களைப் பார்த்து வயது சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

முதல் அடி தண்ணீரில். வடித்த நீர்தானே, சுத்தமானது என்று நம்பிச் சேற்றை ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். அது காற்றிலிருக்கும் காபனீரொட்சைட்டை இழுத்து இலேசாக அமிலமாகிவிடும் என்பது படித்த விஷயம்தான், நேரத்துக்கு நினைவு வரவில்லை. கல்சைற்றுத் தகடுகளின் ஓரமெல்லாம் அரித்துப்போயிருந்தது. ஒரு துளி அமோனியா விட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், சேறு பூசிய வழுக்கிகளை (ஸ்லைடு கண்ணாடிகளை) வெளியில் காயவைக்க வேண்டாம். நான் உப்புவெளி வீட்டு மதிலில் அடுக்கிவைத்தேன், கடற்காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனது. ஒரு மணல் மணி இருந்தாலே கவர் ஸ்லிப் தூக்கி நிற்கும், 100 மடங்கு எண்ணெய் வில்லை அதில் போய் முட்டும்.

மூன்றாம் தடவை வழுக்கி சரியாக வந்தது. போலரைசர் (ஒளியை ஒரே திசையில் மட்டும் அதிரவிடும் வடிகட்டி) உள்ள நுணுக்குக்காட்டிக்காக விடியப்புறம் பஸ் ஏறி வெளியூர் ஆய்வுகூடம் ஒன்றுக்குப் போனால், அங்கிருந்த எழுதுவினைஞர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சீல் இல்லையே தம்பி, நாளைக்குக் கொண்டு வாங்க” என்றார். நாளைக்குப் போயா, பௌர்ணமி விடுமுறை. அதைச் சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை, திரும்பிவரும் பஸ்ஸில் கலண்டரைப் பார்த்துத்தான் தெரிந்தது.

அடுத்த கிழமை சீலோடு போய் இரண்டு நாள் உட்கார்ந்து முந்நூறு தகடுகள் எண்ணினேன். இரண்டு போலரைசர்களையும் (மேலே இருப்பதுதான் அனலைசர்) குறுக்கே வைத்தால் பின்னணி கறுத்து, ஒவ்வொரு தகடும் நடுவில் கருஞ்சிலுவையோடு ஒளிரும். ஹெலிக்கோஸ்பேரா கார்ட்டெரி ஓரத்தில் சிறகு நீட்டியதுபோல இருக்கும், லேசில் மாறாது. கெஃபிரோகாப்சாவின் நடுத்துளைக்கு மேல் சாய்வாக ஒரு பாலம். கல்சிடிஸ்கஸ் லெப்டோபோரஸில் நடுப்பகுதி மட்டும் மின்னும், பெரிய வெளித்தட்டு இருட்டாகிவிடும், அதனால் அளவைக் குறைத்து எழுதிவிடாதீர்கள். 3 மைக்ரோமீற்றருக்குக் கீழே மங்கலாகக் கிடந்ததையெல்லாம் நான் எமிலியானியா ஹக்ஸ்லேயி என்று எழுதினேன். அந்த இனம் சுமார் 2.9 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான் தோன்றியது, ஆகவே சேறு அதைவிட இளையது என்று கோடு போட்டு முடித்தேன். ரொம்பத் திருப்தி.

எங்கள் சேரிடம் காட்டினேன். அவர் அட்டவணையை ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. “சூடோஎமிலியானியா லாகுனோசா இவ்வளவு இருக்கு, அது 4 இலட்சம் ஆண்டுக்கு முன்னமே அழிஞ்சுபோச்சு. இதுக்குள்ள ஹக்ஸ்லேயி எப்படி வந்தது? சரி, அனலைசரை வெளியில இழுத்துப் பாத்தீரா?”

பார்க்கவில்லை. குறுக்கு ஒளியிலேயே முந்நூறையும் எண்ணியிருந்தேன்.

அப்புறம் சேர் விளக்கினார்: டிஸ்கோஆஸ்டர் என்று நட்சத்திர வடிவத்தில் ஒரு கூட்டம் உண்டு. தட்டையாகப் படுத்திருக்கும்போது அதன் கல்சைற்றின் ஒளி அச்சு நம் கண்ணை நோக்கியே நிற்பதால் குறுக்குப் போலரைசரில் அது ஒளிராது, பின்னணியோடு பின்னணியாகக் கறுத்துவிடும். அதில் கடைசியாக மிஞ்சிய டிஸ்கோஆஸ்டர் புரூவேரியும் சுமார் 19 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துவிட்டது. ஹக்ஸ்லேயியைப் பற்றியும் அப்போதுதான் சொன்னார்: அவ்வளவு சின்னதைச் சாதாரண ஒளி நுணுக்குக்காட்டியை நம்பிப் பெயரிடாதீர், இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தால்தான் உறுதி.

டிஸ்கோஆஸ்டருக்குப் போலரைசரே தேவையில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடத்தில் இருக்கும் டியூஷன் வகுப்பில் ஒரு பழைய நுணுக்குக்காட்டி, 100 மடங்கு வில்லையோடு சும்மா கிடந்தது. அந்த மாஸ்டரிடம் சாவியை வாங்கி, சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு அதே வழுக்கியை வைத்தேன். முதல் கால்மணி நேரத்தில் ஆறு கையோடு ஒன்று. பக்கத்திலேயே இன்னொன்று. வேறெங்கோ இருந்து அடித்துவந்து சேர்ந்த ஒற்றை நட்சத்திரமாக இருக்குமோ என்ற பயத்தில் வரிசை வரிசையாகத் தேடினேன், நாற்பதுக்கு மேல் கிடைத்தது. அப்படியென்றால் சேறு 19 இலட்சம் ஆண்டுக்கும் பழையது.

அட்டவணையை முதலிலிருந்து எழுதுகிறேன். இந்தத் தடவை ஒவ்வொரு புலத்தையும் அனலைசர் போட்டு ஒரு தரம், எடுத்து ஒரு தரம்.