அம்மா தேரிக்குப் போன பிறகு

"வயசான காலத்துல அம்மாவ அந்த மணல்காட்டுல கொண்டுபோய் விட்டுட்டீங்களே?"

மும்பை தாராவியில் இதை என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. தொண்ணூறு அடி ரோட்டில் காய்கறி வாங்க நின்றால் ஒருவர் கேட்பார். நான் பாடம் நடத்தும் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாசலில் ஒருவர் கேட்பார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சாம்பாரை வாங்கிக்கொண்டே கேட்பார். எல்லாரும் அக்கறையில்தான் கேட்கிறார்கள். நின்று பதில் சொல்ல அப்போது நேரம் வாய்ப்பதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். நாங்கள் யாரும் கொண்டுபோய் விடவில்லை. அம்மாவாகத்தான் போனாள். போய் நன்றாக இருக்கிறாள்.

அம்மாவின் ஊர் காயாமொழிக்குப் பக்கத்தில், குதிரைமொழித் தேரியின் ஓரத்தில் இருக்கிறது. திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் போகாதவர்களுக்குத் தேரி என்றால் புரியாது. கண்ணுக்கெட்டிய தூரம் செக்கச்செவேலென்று மணல், மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். மணலின் மேல் படிந்திருக்கும் இரும்பு ஆக்சைடுதான் அந்தச் சிவப்புக்குக் காரணம். ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கும் காற்று ஒரு மேட்டைக் கரைத்து இன்னொரு இடத்தில் கொண்டுபோய்க் குவிக்கும். ஒரு பனை பாதி உடம்பு மணலுக்குள் புதைந்து நிற்கும், அதற்குப் பக்கத்துப் பனைக்கு வேரெல்லாம் வெளியே தெரியும். வனத்துறை கொல்லாமரமும் (முந்திரி) மற்றதும் நட்டு மணலை ஓரளவு கட்டிப்போட்டிருக்கிறது. அவற்றையும் பனையையும் உடைமரத்தையும் விட்டால் நிழல் கிடையாது.

மழையும் அங்கே கம்மி. தூத்துக்குடி மாவட்டத்துக்கு வருஷம் முழுக்கச் சேர்த்துச் சுமார் 650 மில்லிமீட்டர், அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடும். மும்பையில் 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் பதிவானது 944 மில்லிமீட்டர். அன்றைக்கு எங்கள் ஒற்றை அறை வீட்டுக்குள், இங்கே சொல்கிற கோலிக்குள், இடுப்பளவு தண்ணீர். அரிசி மூட்டை, உளுந்து, கிரைண்டர் எல்லாம் போயிற்று. கட்டில்மேல் நாற்காலி போட்டு, அதன்மேல் என் தம்பியை உட்காரவைத்துவிட்டு அம்மா சொன்னாள்: "நம்ம ஊருக்கு ஒரு வருசத்துக்குப் பெய்யுதத இங்க ஒரே நாள்ல ஊத்திட்டான் பாத்தியா?" கணக்குப்படி அவள் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறாள்.

ஊரைப் பிடிக்காமல் அம்மா மும்பைக்கு வரவில்லை. மழை பொய்த்தது, பனையை மட்டும் நம்பி வயிறு நிறையவில்லை. தாராவியில் இருக்கும் திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்களில் பலருடைய கதை இதுதான். பத்தொன்பது வயதில் கல்யாணம் முடிந்து இங்கே வந்து இறங்கினாள். அப்பா இட்லி வியாபாரம். சைக்கிள் கேரியரில் அலுமினியப் பாத்திரம், ஹேண்டில்பாரில் சட்னி வாளி, பாம் பாம் என்று ஒரு ஹாரன். மாட்டுங்கா, கிங்ஸ் சர்க்கிள், வடாலா என்று சுற்றிவருவார். அந்த ஹாரன் சத்தம் மும்பைக்காரர்களுக்குத் தெரியும். அதற்குப் பின்னால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து தட்டுத் தட்டாக அவித்தவளைத் தெரியாது. அவித்து முடித்ததும் குழாயில் தண்ணீர் வரும் நேரம், அது முடிந்தால் பாத்திரம், அப்புறம் அடுத்த நாளைக்கு ஊறப்போடுவது, ஆட்டுவது. பகலில் அம்மா உட்கார்ந்து நான் பார்த்தது அரிசியில் கல் பொறுக்கும்போது மட்டும்தான்.

அப்பா தவறியதும் சைக்கிளை விற்றுவிட்டோம். அம்மா தம்பியோடு இருந்தாள். தம்பி தங்கமானவன், அவன் பெண்டாட்டி அவனுக்கு மேல். வேளாவேளைக்குச் சாப்பாடு, மாத்திரை, டிவி. அம்மாவோ பழக்கம் விடாமல் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்துவிடுவாள். ஊறப்போட்ட அரிசி இல்லை, பற்றவைக்க அடுப்பு இல்லை. பிள்ளைகள் தூக்கம் கெடும் என்று விளக்கும் போடாமல் விடியும்வரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினாலும் அதேதான். "என்னம்மா செய்யுது?" என்று கேட்டால், "ஒண்ணும் செய்யல, நீ படு" என்பாள்.

ஒரு தை மாதம் சின்ன மாமா போனில் புலம்பினார். பனை ஏற அவர் இருக்கிறார், பதனீரைக் கருப்பட்டியாகக் காய்ச்ச ஆள் இல்லை. அத்தைக்கு முட்டுவலி, அடுப்பு முன்னால் உட்கார முடியாது. இந்த வருஷம் பதனீரை அப்படியே விலைக்கு ஊற்றிவிடப் போகிறேன் என்றார். அம்மா போனை வாங்கி, "நான் வந்து காய்ச்சுதேன்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் தம்பியிடம் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் டிக்கெட் பார்க்கச் சொன்னாள்.

சொந்தக்காரர்கள் எல்லாரும் தடுத்தார்கள். தாராவியை இடித்துக் கட்டுவதற்குச் சர்வே எடுக்க வரும்போது ஆள் இருக்க வேண்டாமா என்றார் ஒருவர். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவள் நெருப்பில் வேகலாமா என்றார் இன்னொருவர். போகட்டும் என்று சொன்னது நான் ஒருத்தி. அந்த இருட்டில் அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் நான். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

அம்மா காய்ச்சுகிற இடத்துக்கு விடிலி என்று பெயர், பனைமட்டையும் ஓலையும் வைத்துக் கட்டிய குடிசை. உள்ளே பெரிய அடுப்பு, மேலே ஒரு பரண். காலையில் மாமா பனையிலிருந்து இறக்கிக் கொண்டுவரும் பதனீரை அம்மா துணியில் வடிகட்டிப் பானையில் ஊற்றுவாள். புளித்துக் கள்ளாகிவிடாமல் இருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருப்பார்கள். அது அடியில் தங்கும், அதைக் கலங்கவிடாமல் ஊற்றவேண்டும். எரிக்கிறது காய்ந்த மட்டையும் ஓலையும் உடைமுள்ளும். கொதி வந்ததும் நுரை விளிம்புக்கு ஏறிவரும். அப்போது நசுக்கிய ஆமணக்கு விதையைத் துளி போடுவாள், நுரை அப்படியே அடங்கும். அதற்கப்புறம் பொறுமைதான். வெள்ளையாக இருந்தது மஞ்சளாகி, தவிட்டு நிறமாகி, பாகு இறுகி, பொத் பொத் என்று குமிழ் வெடிக்கும். அகப்பையில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டுவாள். உருண்டு நின்றால் பதம். ஒரு நிமிஷம் முந்தினால் கட்டி இறுகாது, பிந்தினால் கசக்கும். இறக்கித் துடுப்பால் கிண்டி, மணலில் வரிசையாகப் பதித்துவைத்த சிரட்டைகளில் ஊற்றுவாள். பக்கத்தில் நான் நின்றாலும் அப்போது பேச்சுக் கொடுக்க மாட்டாள்.

ஊற்றி முடித்தால் அன்றைய வேலை முடிந்தது. கிணற்றடியில் குளித்து, கஞ்சியும் கருவாடும் சாப்பிட்டு, வேப்பமரத்தடியில் நார்க்கட்டிலில் படுத்துத் தூங்குவாள். அம்மா பகலில் தூங்கி நான் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். கையை விரித்துப்போட்டு, வாய் லேசாகத் திறந்து, பிள்ளைகள் சுற்றிலும் கத்தினாலும் அசையாத தூக்கம்.

இவளுக்கு ஓய்வு வேண்டும் என்று ஊரே சொன்னது. ஓய்வு மும்பையில் வேண்டிய அளவு கிடைத்தது. அதில்தான் வாடிப்போனாள். அங்கே செய்கிற வேலை மும்பையில் செய்ததைவிடச் சுலபமில்லை, வெக்கையும் புகையும் கூடுதல். ஆனால் தொடங்குகிறதும் நிறுத்துகிறதும் அவள் கையில் இருக்கிறது. பத்து வயதில் அவளுடைய அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படித்த வேலை. அதில் அவளுக்கு யாரும் புத்தி சொல்ல முடியாது.

ஒரு வியாபாரி சொல்லிப் பார்த்தார்: "கொஞ்சம் சீனி போடுங்க ஆச்சி, எடையும் நிக்கும், நிறமும் வரும்." உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து வெளியூரிலிருந்து கேட்டுவருகிறவர்கள் உண்டு. சீனி கலந்ததும் அதே பெயரில்தான் கடையில் இருக்கிறது. அம்மா அவருக்கு ஒரு துண்டு கருப்பட்டியைக் கையில் கொடுத்து, "இத உங்க பேத்திக்குக் குடுங்க, நாளைக்கு வந்து பேசுங்க" என்று அனுப்பிவிட்டாள். இப்போது அவர் சீனிப் பேச்சை எடுப்பதில்லை. விலையில்தான் மல்லுக்கு நிற்கிறார், அம்மாவும் விடுவதில்லை.

கஷ்டம் இல்லை என்று சொல்ல வரவில்லை. மத்தியானம் மணலில் கால் வைக்க முடியாது. ஆடிக் காற்றில் சோற்றிலும் தலையணையிலும் மணல். பனைச் சீசன் ஆடியோடு ஓய்ந்துவிடும், அப்புறம் ஓலைப்பெட்டி முடைந்து வருகிற காசுதான். மாத்திரைக்குத் திருச்செந்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், பஸ் எண்ணி எண்ணித்தான் வரும். இதெல்லாம் தெரிந்துதான் போனாள். அவள் பிறந்தபோதும் அங்கே அதே காற்று, அதே மணல். அந்த ஊர் அவளை ஏமாற்ற முடியாது.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் அம்மாவுக்குப் பெருமை உண்டு. தேரியில் பெய்கிற மழை ஓடுவதில்லை, மணல் அப்படியே குடித்துவிடும். அதனால் மேலே இவ்வளவு காய்ந்து கிடந்தாலும் அடியில் நல்ல தண்ணீர் நிற்கிறது. அருஞ்சுனை காத்த அய்யனார் கோவிலில் மணலுக்கு நடுவே சுனை இருப்பது அதனால்தான். அம்மா கிணற்றில் வாளியை இறக்கும்போதெல்லாம், குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்துக் கிடந்த வருஷங்கள் என் ஞாபகத்துக்கு வரும். அவளுக்கும் வருமோ என்னவோ, கேட்டதில்லை.

ஊரில் அவளுக்குப் பெயர் 'பம்பாய்க்காரி'. அதற்கு அவள் கோபப்படுவதில்லை. இங்கே இத்தனை வருஷம் 'உடன்குடிக்காரி' என்று கூப்பிட்டதற்கும் கோபப்பட்டதில்லை. பழைய பக்கத்து வீட்டு மராத்தி அக்காவோடு வீடியோ காலில் இன்னும் மராத்தியில்தான் வம்பளக்கிறாள். மாமாவின் பேரப்பிள்ளைகளுக்கு வடாபாவ் சுட்டுக் கொடுக்கிறாள். திருச்செந்தூரில் வாங்கும் பன் சரியில்லை என்று குறை வேறு.

மே மாத லீவுக்கு நானும் பிள்ளைகளும் போகிறோம், டிக்கெட் கன்ஃபர்ம் ஆகிவிட்டது. அம்மா சொன்ன சாமான்: சுக்கா பூண்டுச் சட்னி அரைக் கிலோ, இரண்டு நைட்டி, மாமாவுக்கு ஒரு நல்ல டார்ச். திரும்பி வரும்போது எங்கள் ஸ்டாஃப் ரூமுக்கும் தெருவுக்கும் கருப்பட்டி கொண்டுவருவேன். வேண்டியவர்கள் ஏப்ரலுக்குள் எனக்குச் சொல்லிவிடுங்கள், ரயிலில் தூக்குகிற அளவுதான் முடியும். வாங்கியதும் ஈரம் படாத டப்பாவில் போட்டு இறுக மூடிவையுங்கள். ஜூனில் மழை தொடங்கிவிட்டால் இங்கத்துக் காற்றுக்குக் கசிந்து ஒழுகும். அப்படி ஒழுகினாலும் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை, காபியில் போட்டுக் குடிக்கலாம் என்று அம்மா சொல்லச் சொன்னாள்.