மறந்துவிடும் கணினியில் குடிவழி எழுதினேன்

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டின் இரண்டாங்கட்டில் உட்கார்ந்து அப்பத்தா குடிவழியைச் சொல்லத் தொடங்கினார். எங்களில் பேரனுக்குப் பாட்டனார் பெயரை இடுவது வழக்கம். மேலே போகப் போக ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். விலாசத்தை, அதாவது பெயருக்கு முன் இடும் முன்னெழுத்துகளை வைத்துத்தான் யார் எவர் என்று பிரிக்க முடியும். அப்பத்தாவுக்கு வயது 86. அவர் நினைவில் இருப்பது வேறு எங்கும் எழுதப்படவில்லை.

ஓரிடத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இவர் இந்த வீட்டில் பிறந்தவர் இல்லை. பிள்ளை கூட்டிக்கொண்டது. எழுதிக்கொள், ஆனால் எவர் கண்ணிலும் படக் கூடாது." நகரத்தார் வீடுகளில் சுவீகாரம் புதிதன்று. பெரும்பாலும் அதே கோயிலைச் சேர்ந்த பங்காளி வீட்டிலிருந்தே பிள்ளை எடுப்பார்கள். ஆனாலும் பலருக்கும் பங்கு இருக்கிற வீட்டில் யார் எங்கே பிறந்தார் என்பது ஊர் பேசும் விஷயமாகிவிடக் கூடாது. அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் கணினியைத் திறந்தேன்.

அது தம்பியின் மடிக்கணினி. பங்காளி வீட்டுப் பிள்ளைகள் அனைவரும் அதில்தான் படம் பார்க்கிறார்கள், பாடம் படிக்கிறார்கள். அதன் வட்டில் ஒரு வரிகூடத் தங்கக் கூடாது என்பதற்காகவே டெயில்ஸைத் தேர்ந்தெடுத்தேன். டெபியன் லினக்ஸின் மேல் கட்டப்பட்ட இயங்குதளம் அது. 2009 முதல் இருந்துவருகிறது. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். வெளியே போகும் தொடர்பு, யார் எங்கிருந்து வருகிறார் என்பதை மறைக்கும் டோர் வலையமைப்பு வழியாகவே போகும். கணினியை அணைத்தால் நடந்ததெல்லாம் மறைந்துவிடும்.

முதல் தடங்கல் வைஃபையில். கடவுச்சொல் சரி, இணைப்பு மட்டும் கிடைக்கவில்லை. டிரைவர் கோளாறு என்று நினைத்து ஒரு காலைப்பொழுதை அதிலேயே செலவிட்டேன். எங்கள் ரவுட்டரில் பதிந்து வைத்த கருவிகளுக்கு மட்டுமே அனுமதி. டெயில்ஸோ கணினியின் மேக் முகவரியை, அதாவது வலைக்கருவியின் அடையாள எண்ணை, மாற்றிக்கொண்டு போய் நிற்கிறது. முன்பின் தெரியாத ஆளென்று ரவுட்டர் அதைத் திருப்பி அனுப்பியது. தொடக்கத் திரையில் அந்த மறைப்பை நிறுத்தும் வசதி இருக்கிறது. சொந்த வீட்டில் அதை நிறுத்துவதில் பாதகமில்லை என்று நிறுத்தினேன், இணைந்தது.

குடிவழி எழுதுவதற்கு நான் தேர்ந்தெடுத்தது கிராம்ப்ஸ். டெபியன் களஞ்சியத்திலேயே கிடைக்கும் கட்டற்ற மென்பொருள். ஒரே பிள்ளையை இரண்டு குடும்பங்களோடு இணைத்து, ஒன்றில் பிறப்பு, மற்றொன்றில் சுவீகாரம் என்று குறிக்கலாம். எங்கள் வீட்டுக்கு இது கட்டாயம் வேண்டும். டெயில்ஸில் நிர்வாகிக் கடவுச்சொல் இயல்பாக முடக்கப்பட்டிருக்கும். தொடக்கத் திரையில் அதை அமைத்துக்கொண்டு கிராம்ப்ஸை நிறுவினேன். ஒவ்வொரு முறையும் இதை நிறுவ வேண்டுமா என்று கேட்டது. ஆம் என்றேன்.

அன்று மாலை மூன்று மணி நேரம் அப்பத்தா சொன்னார், நான் பதிந்தேன். மறுநாள் காலையில் பென் டிரைவைப் பூட்டுத் திறந்து தொடக்கியபோது பட்டியலில் கிராம்ப்ஸ் இருந்தது. திறந்தேன். உள்ளே ஒரு பெயர்கூட இல்லை.

இங்கேதான் நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன். பென் டிரைவில் மறையாக்கம் செய்த நிலைச் சேமிப்பகம் ஒன்றை உருவாக்கியிருந்தேன். கூடுதல் மென்பொருள் என்ற வசதியை அதில் இயக்கியிருந்ததால் மென்பொருள் மட்டும் பிழைத்திருந்தது. கிராம்ப்ஸ் தன் தரவுகளை வைப்பது பயனர் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் இன்னொரு கோப்புறையில். அது கணினியின் தற்காலிக நினைவகத்தில் (ரேம்) மட்டுமே இருப்பது, அணைத்ததும் போய்விட்டது. மென்பொருளைக் காப்பது வேறு, அது எழுதியதைக் காப்பது வேறு என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

அமைப்புகளில் தரவு இருக்கும் இடத்தை மாற்றிப் பார்த்தேன். அந்த அமைப்பே மறையும் கோப்புறையில்தான் எழுதப்படுகிறது என்பதால் அடுத்த தொடக்கத்தில் அதுவும் போயிற்று. கடைசியில் கட்டளை தட்டும் டெர்மினலிலிருந்து, தரவு எங்கே இருக்க வேண்டும் என்று கிராம்ப்ஸுக்குச் சொல்லும் கிராம்ப்ஸ்ஹோம் (GRAMPSHOME) என்ற சூழல் மாறியில் நிலைச் சேமிப்பகத்தின் கோப்புறையைக் கொடுத்துத் தொடக்கினேன். இந்த முறை அப்பத்தாவைக் கூப்பிடவில்லை. பொய்ப் பெயர்கள் மூன்றை இட்டு, கணினியை முழுதாக அணைத்து, மறுபடி தொடக்கிப் பார்த்தேன். மூன்றும் இருந்தன. இன்னொரு முறையும் அணைத்துப் பார்த்தேன். இருந்தன. அதன் பிறகுதான் அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. முதல் நாள் விட்டுப்போன இரண்டு பெண்பிள்ளைகளின் பெயர்களை இரண்டாம் முறை சொல்லும்போது தாமாகவே சேர்த்தார்.

ரங்கூன், மௌல்மெய்ன், பினாங்கு என்று எங்கள் ஆட்கள் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யப் போன ஊர்களை கிராம்ப்ஸின் வரைபடத்தில் காட்ட ஆசைப்பட்டேன். திரை வெறுமையாகவே நின்றது. கணினியின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து பார்த்தபோது, வெளியே போக முயன்ற தரவுப் பொட்டலங்களைத் தீச்சுவர் தடுத்த வரிகள் அடுக்கடுக்காக இருந்தன. டோரை ஒதுக்கிவிட்டு நேராக இணையத்துக்குப் போகும் எதையும் டெயில்ஸ் விடாது. அது பழுதன்று, காவல். டோர் வழியாக அனுப்பிப் பார்க்கவும் வழி உண்டு. இந்த வீட்டுக் குடிவழியைத் திறந்து வைத்துக்கொண்டு எந்தெந்த ஊரைத் தேடுகிறேன் என்பதை வெளியிலுள்ள எந்தச் சேவையகமும் அறிய வேண்டியதில்லை என்று விட்டுவிட்டேன். ஊர்ப் பெயர்கள் எழுத்தில் இருந்தால் போதும்.

தமிழ் 99 தட்டச்சுக்கு, பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் என்ற மென்பொருளின் எம்17என் பொதியைச் சேர்த்தேன். மென்பொருள்கள் நிறுவி முடிந்ததும் ஐபஸை ஒருமுறை மறுதொடக்கம் செய்தால்தான் விசைப்பலகைப் பட்டியலில் தமிழ் வருகிறது.

நிலைச் சேமிப்பகத்தின் கடவுத்தொடர் மறந்துபோனால் மீட்க வழியே இல்லை. அதைத் தாளில் எழுதி அப்பத்தாவிடம் கொடுத்தேன். டெயில்ஸிலேயே உள்ள காப்புப் பிரதி வசதியால் இன்னொரு பென் டிரைவிலும் அனைத்தையும் படியெடுத்தேன். அதைத் திறந்து சுவீகார வரி இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகு அப்பத்தாவின் கையில் வைத்தேன். பெட்டகத்தில் வைத்துப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். தாள் எங்கே இருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.