விட்ட ஓட்டத்தை மறுபடி தொடும்போது: மூச்சு முந்தும், குதிகால் பிந்தும்

ஓராண்டு ஈராண்டு ஓடாமல் இருந்துவிட்டு மறுபடி ஷூ கட்டுகிறவர்களுக்கு முதல் வாரத்தில் பெரிதாக ஒன்றும் ஆகாது. உடம்பு வலிக்கும், இரண்டு நாளில் சரியாகிவிடும். சிக்கல் வருவது பெரும்பாலும் நான்காவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் நடுவில். மூச்சு சீராகி, பழைய வேகம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்து, "அவ்வளவுதானா, வந்துவிட்டதே" என்று தோன்றுகிற சமயம் அது. அந்தச் சந்தோஷத்தில் ஞாயிற்றுக்கிழமை நாலு கிலோமீட்டர் கூடுதலாக ஓடுவார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகால் சுரீர் என்னும்.

காரணம் எளிது. உடம்பின் எல்லாப் பாகமும் ஒரே வேகத்தில் திரும்பி வருவதில்லை. ஓட்டத்தை நிறுத்தினால் முதலில் குறைவது ரத்தத்தின் நீர்ப்பகுதி. சில நாட்களிலேயே இறங்கத் தொடங்கிவிடும். எட்வர்ட் காயில் குழு 1984-இல் வெளியிட்ட ஆய்வில், நன்கு பயிற்சி பெற்றவர்கள் பயிற்சியை நிறுத்தியபின் முதல் மூன்று வாரத்தில் விஓ2 மேக்ஸ், அதாவது உடம்பு அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவு, சுமார் 7% குறைந்தது, எட்டு வாரத்தில் 16% வரை இறங்கி அங்கேயே நின்றது. ஆனால் ஆய்வு நடந்த 12 வாரத்திலும் தசையில் இருந்த நுண்ரத்தக்குழாய்கள் குறையவில்லை. முன்பு ஓடியவருக்கு மூச்சு சீக்கிரம் திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். நீர்ப்பகுதியும் ஓரிரு வாரத்தில் ஏறிவிடும்.

தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும், எலும்பும் அப்படியில்லை. தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. பாரத்துக்குப் பழக அதற்கு மாதக்கணக்கில் ஆகும். எலும்போ தன்னைப் புதுப்பிக்கும்போது முதலில் பழையதைக் கரைத்து, பிறகுதான் புதியதைக் கட்டும். ஒரு சுற்று முடிய மூன்று, நான்கு மாதம். நடுவில் சில வாரம் அந்த இடம் முன்பிருந்ததைவிடப் பலவீனமாக இருக்கும். நம் உற்சாகம் உச்சத்தில் இருக்கும் வாரங்களும் அவைதான். அதனால் பயிற்சியின் அளவை மூச்சை வைத்து முடிவு செய்யக் கூடாது, கால்களை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு வரலாறு உள்ளவர்கள் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இன்சுலின் போடுபவர்கள் ஓட்ட நாளின் அளவை அவரிடம் கேட்டே மாற்ற வேண்டும். ஓடும்போது நெஞ்சில் இறுக்கமோ மயக்கமோ வந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

சென்னையில் இருப்பவருக்கு இலக்கு வைக்கத் தோதான நிகழ்ச்சி ஜனவரித் தொடக்கத்தில் நடக்கும் சென்னை மாரத்தான். அதில் 21.1 கிலோமீட்டர் ஓட நினைத்தால் ஜூலை மூன்றாவது வாரம் தொடங்குவது சரி. கையில் 24 வாரம் இருக்கும். செப்டம்பரில் நினைவு வந்தால் 10 கிலோமீட்டருக்குப் பதிவு செய்துகொள்ளுங்கள். முழு மாரத்தானை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிடலாம்.

வாரம் மூன்று நாள் போதும்: செவ்வாய், வியாழன், ஞாயிறு. முதல் இரண்டு வாரம் 5 நிமிட வேக நடை, பிறகு 1 நிமிடம் மெல்லோட்டம், 2 நிமிடம் நடை என்று 8 சுற்று, கடைசியில் 5 நிமிட நடை. மொத்தம் 34 நிமிடம். அடுத்த இரண்டு வாரம் 2 நிமிட ஓட்டம், 1 நிமிட நடை, 8 சுற்று. ஐந்து, ஆறாம் வாரங்களில் 4 நிமிட ஓட்டம், 1 நிமிட நடை, 5 சுற்று. ஏழு, எட்டில் 9 நிமிட ஓட்டம், 1 நிமிட நடை, 3 சுற்று. ஞாயிறு மட்டும் இரண்டு சுற்று கூட்டிக்கொள்ளலாம். நடப்பதில் கூச்சம் வேண்டாம். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே இந்த ஓட்ட நடை முறையைத்தான் பல்லாண்டு சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு நடை இடைவெளியிலும் ஆடுதசைக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிறது.

ஒன்பதாம் வாரத்திலிருந்து வார நாட்களில் 30, 40 நிமிடம், ஞாயிறு 60 நிமிடம். ஞாயிற்று ஓட்டத்தை வாரத்துக்கு 5 முதல் 10 நிமிடம் கூட்டி, நான்காவது வாரம்தோறும் மூன்றில் ஒரு பங்கு குறைத்து வந்தால் 21, 22-ஆம் வாரத்தில் இரண்டு மணி நேரம் எட்டிவிடும். கணக்கை கிலோமீட்டரில் வைக்காமல் நிமிடத்தில் வைப்பது நல்லது. சென்னை வெயிலில் ஒரே 8 கிலோமீட்டர் ஆகஸ்டில் ஒரு வேலை, டிசம்பரில் வேறு வேலை.

இது ஓராண்டுக்கு மேல் விட்டவர்களுக்கான கணக்கு. இரண்டு வாரம் விட்டவர் அப்படியே தொடரலாம். ஒரு மாதம் விட்டவர் பழைய வார அளவில் பாதியில் தொடங்கலாம். ஆறு மாதம் விட்டவர் மேலே சொன்ன படிகளையே ஒவ்வொன்றும் ஒரு வாரமாக ஏறலாம்.

வேகம்? போனில் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச முடிகிற வேகம். கைக்கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பைத் தொடக்கத்தில் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மணிக்கட்டில் ஒளியால் அளக்கும் கருவிகள் சில சமயம் துடிப்புக்குப் பதில் உங்கள் காலடி எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும். 170 என்று காட்டிப் பயமுறுத்தும். வெக்கையில் அதே வேகத்துக்குத் துடிப்பு 10, 15 கூடுவதும் இயல்பு. துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்த எண் உதவவே உதவாது.

வெக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வானிலைச் செயலியில் ஈரப்பத சதவீதத்தைப் பார்ப்பதால் பயனில்லை. விடியற்காலையில் அது பெரும்பாலான நாட்களில் அதிகமாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது டியூ பாயின்ட், அதாவது காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை. மே, ஜூனில் அது 25 டிகிரியைத் தொடும், ஜனவரியில் 20-ஐ ஒட்டி இறங்கும். 24-க்கு மேல் போனால் வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும், உடம்பு குளிராது. அந்த நாளில் கிலோமீட்டருக்கு 30 விநாடி மெதுவாக ஓடினால்கூட அது சோம்பேறித்தனம் ஆகாது. உடம்பு வெக்கைக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். ஏசி அறையில் டிரெட்மில்லில் மட்டும் ஓடியவருக்கு அந்தப் பழக்கம் வராது. நேரத்தையும் பருவத்துக்கேற்ப மாற்ற வேண்டும். ஜூனில் ஐந்தே முக்காலுக்கே சூரியன் வந்துவிடும், ஜனவரியில் ஆறரை ஆகும்.

எவ்வளவு வியர்க்கிறது என்று ஒருமுறை அளந்து பாருங்கள். உடையில்லாமல் எடை பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் ஓடிவந்து, துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் வியர்வை. இழந்ததை முழுக்க ஓடும்போதே நிரப்ப வேண்டியதில்லை, தாகத்துக்குக் குடித்தால் போதும். ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால் அதுதான் ஆபத்து: வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து ரத்தத்தில் சோடியம் இறங்குவது தாகத்தைவிட மோசம். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். ஓடி முடித்து உப்பு போட்ட மோர் குடிப்பது மேல். 75 நிமிடத்துக்கு மேல் ஓடுகிற நாளில் ஓ.ஆர்.எஸ். கையில் இருக்கட்டும். 20.5 கிராம் பொட்டலம் ஒரு லிட்டருக்கானது. அரை லிட்டர் பாட்டிலில் முழுதும் கொட்டினால் வயிறு புரட்டும்.

சாப்பாட்டில் குறைந்த தூரத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டாம்; ஒரு டம்ளர் காபி போதும் என்பவர்கள் அப்படியே போகலாம். நீண்ட ஓட்ட நாளில் முக்கால் மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழமும் இரண்டு பேரீச்சம்பழமும். 75 நிமிடத்தைத் தாண்டினால் மணிக்கு 30 கிராம் மாவுச்சத்து, அதாவது சிறிய பேரீச்சம்பழம் ஐந்து. கடலை மிட்டாயில் கொழுப்பு அதிகம், ஓடும்போது செரிக்காது. வீட்டுக்கு வந்து சாப்பிடலாம். நம் காலை டிபனில் உண்மையான குறை புரதம். நான்கு இட்லியில் ஏறத்தாழ 8 கிராம்தான் வரும். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஓட்டக் காலத்தில் நாளுக்கு 72 முதல் 96 கிராம் வேண்டும். இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், தயிர், சோயா என்று வேளைக்கு வேளை சேர்த்தால்தான் அந்தக் கணக்கு நேராகும். பெண்களுக்குக் காரணம் தெரியாத அசதி தொடர்ந்தால் ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்துவிடுவது நல்லது.

காலுக்கான பயிற்சியைத் தவிர்ப்பவர்கள்தான் எட்டாவது வாரத்தில் மாட்டுகிறார்கள். வாரம் இருமுறை 15 நிமிடம் போதும். படிக்கட்டு விளிம்பில் முன்பாதம் ஊன்றி குதிகாலைத் தூக்கி, மூன்று விநாடி எடுத்து மெல்ல இறக்குவது: முழங்கால் நீட்டியபடி 12, மூன்று முறை, முழங்காலைச் சற்று மடக்கி மறுபடி அதே அளவு. இரண்டும் வேண்டும், ஏனென்றால் மடக்கிச் செய்யும்போதுதான் உள்ளே இருக்கும் சோலியஸ் தசை அதிகம் வேலை செய்யும். ஓட்டத்தில் அதிகப் பாரம் அதன்மேல்தான். பிறகு நாற்காலியிலிருந்து ஒற்றைக்காலில் எழுந்து உட்காருவது 8, மூன்று முறை. சுவரில் முதுகு சாய்த்து நின்று முன்பாதத்தைத் தூக்குவது 20, இரண்டு முறை. குக்கர் விசில் வரும் நேரத்தில் பாதியை முடித்துவிடலாம்.

வலிக்கு ஓர் அளவுகோல் உண்டு. பத்துக்கு மூன்று வரை வலித்து, மறுநாள் காலைக்குள் அடங்கினால் தொடரலாம். நடை கோணினால் நிறுத்திவிட வேண்டும். முழங்காலுக்குக் கீழே, உள்பக்க எலும்போரமாக ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் அளவைப் பாதியாக்கிப் பாருங்கள். ஒரு விரலால் தொட்டுக் காட்டுகிற ஒரே புள்ளியில் வலித்தால், அதே காலில் குதிக்கும்போது கூடினால், எலும்பில் கீறல் இருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவது சகஜம். "எக்ஸ்ரே நார்மல்" என்று மறுபடி ஓடிக் கெடுத்துக்கொள்பவர்கள் பலர், எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பரணில் கிடந்த பழைய ஷூவை அப்படியே மாட்டிக்கொண்டு போகாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் பசை விட்டிருக்கும், நடுப்பாகம் இறுகியிருக்கும். நல்ல ஷூ 500 முதல் 800 கிலோமீட்டர் வரும். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது வாங்குங்கள். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும்.

இனி வீடும் வேலையும். மூன்று நாள் திட்டம் போட்டவருக்கு எல்லா வாரமும் மூன்று நாள் கிடைக்காது என்பது தொடங்கும்போதே தெரிந்த விஷயம். மாதக் கடைசி வேலை, பிள்ளைகள் பரீட்சை, தீபாவளி, ஊரில் கல்யாணம். ஆகவே நல்ல வாரத்துக்கு ஒரு திட்டமும், மோசமான வாரத்துக்கு ஒரு தரைமட்டத் திட்டமும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். தரைமட்டம் என்பது 30 நிமிடம் இரண்டு ஓட்டம், ஒரு கால் பயிற்சி. அதுவே போதும் என்பதற்கு ஆதாரம் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் ராபர்ட் ஹிக்சன் குழு, வாரம் ஆறு நாள் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களை இரண்டு நாளாகக் குறைத்தது. 15 வாரம் கழித்தும் விஓ2 மேக்ஸ் இறங்கவில்லை. கடுமை குறையாமல் இருந்ததே காரணம். நாளைக் குறைத்தாலும் தாங்கும், கடுமையைக் குறைத்தால் தாங்காது. எனவே 12-ஆம் வாரத்துக்குப் பிறகு வரும் நெருக்கடி வாரத்தில் ஓர் ஓட்டத்துக்கு நடுவில் 1 நிமிடம் வேகம், 2 நிமிடம் மெதுவாக என்று 5 முறை சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் வேகத்தைத் தொட வேண்டாம்.

தவறிய ஓட்டம் தவறியதுதான். வியாழன் விட்டதை வெள்ளியில் சேர்த்து, சனியும் ஞாயிறும் ஓடுவதுதான் காயத்துக்கு நேர்வழி. ஞாயிற்று ஓட்டத்தை மட்டும் சனிக்கு நகர்த்தலாம், அதுவும் முந்தைய நாள் ஓய்வு இருந்தால். இரவு ஷிஃப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் ஓடுவதைவிட, மாலையில் எழுந்து ஷிஃப்டுக்கு முன் ஓடுவது பாதுகாப்பானது. காலை ஓட்டக்காரர்கள் ஞாயிற்றில் ஏழரைக்குள் வீடு திரும்புவது போலத் தொடங்குங்கள். பத்து மணிக்கு வந்து சோபாவில் சாய்ந்தால் அந்த வீட்டில் ஓட்டத்துக்கு ஆதரவு நீடிக்காது. இருட்டில் தனியாக ஓடத் தயங்கும் பெண்களுக்குக் குழுவோடு ஓடுவது எளிது. பெசன்ட் நகரிலும் மெரினாவிலும் அந்நேரத்துக்கு ஆட்கள் இருப்பார்கள். தெருநாய் துரத்தினால் ஓடாதீர்கள், நின்று மெல்ல நடங்கள்.

அக்டோபரில் மழை தொடங்கும். தேங்கிய நீரில் ஓட வேண்டாம். அடியில் பள்ளம் தெரியாது, காலில் சிறு வெட்டு இருந்தால் எலிக்காய்ச்சல் அபாயமும் உண்டு. அடுக்குமாடியில் இருப்பவர்கள் அன்றைக்கு அதே நிமிடக் கணக்குக்குப் படி ஏறலாம். ஏறுவது படியில், இறங்குவது லிஃப்டில். இறங்கும்போதுதான் தொடைத்தசை அதிகம் அடிபடும். இருபது மாடி இறங்கியவர் இரண்டு நாள் நொண்டுவார்.

மழைக்காலத்தோடு காய்ச்சலும் வரும். வெறும் மூக்கொழுகலுக்கு மெதுவாக ஓடலாம். காய்ச்சல், நெஞ்சுச் சளி, உடம்புவலி என்றால் முழு ஓய்வு. மாத்திரை இல்லாமல் இரண்டு நாள் காய்ச்சல் விட்ட பிறகே நடை, அதற்கும் பிறகுதான் ஓட்டம். டெங்கு என்றால் மருத்துவர் சரி என்னும்வரை எதுவும் இல்லை. திரும்பி வரும்போது விட்ட இடத்தில் தொடராமல் இரண்டு படி கீழே, அதாவது 9 நிமிடச் சுற்றில் விட்டவர் 2 நிமிடச் சுற்றில், தொடங்க வேண்டும்.