"இங்கதான்" என்றால் எங்கே?

போன வாரம் ராத்திரி கரண்ட் போய்விட்டது. கூடத்தில் எழுதிக்கொண்டிருந்த மகள், "அம்மா, எங்க இருக்கீங்க?" என்று கேட்டாள். "இங்கதான்" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அவளுக்குக் குரல் கேட்கும், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது. வலது காதில் மட்டும்தான் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தி, சத்தத்தை நேராகக் காது நரம்புக்கு அனுப்பும் கருவி. "அடுப்படி வாசல்ல நிக்கிறேன் பாப்பா" என்றதும் சுவரைத் தடவிக்கொண்டே வந்துவிட்டாள்.

வயது 11. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், மூன்று வயதில் ஆபரேஷன் நடந்தது. அவள் நடக்கத் தொடங்கியதே இரண்டு வயதில்தான். "சில பிள்ளைங்க லேட்டாத்தான் நடக்கும்" என்றார்கள், நாங்களும் விட்டுவிட்டோம். உள்காதில் கேட்கும் பகுதியை ஒட்டியே உடம்பின் சமநிலையைப் பார்க்கும் பகுதியும் இருக்கிறது, அவளுக்கு அதுவும் வேலை செய்யவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. ஒன்பது வயதில் அந்தி நேரத்தில் வாசற்படி தடுக்கி விழ ஆரம்பித்தாள். கண்ணைச் சோதித்துவிட்டு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்றார்கள். விழித்திரை மெல்ல மெல்லப் பழுதாகி, முதலில் இருட்டிலும் பிறகு ஓரங்களிலும் பார்வை குறைந்துகொண்டே போகும் நோய். மூன்றும் சேர்ந்தது அஷர் சின்ட்ரோம், முதல் வகை. நானும் அவரும் மாமன் மகள், அத்தை மகன். பழுதான ஒரே ஜீன் இருவரிடமும் இருந்திருக்கிறது.

பிறவியில் காது கேட்காத குழந்தை நடக்கவும் தாமதமானால், தயவுசெய்து கண்ணையும் ஜீனையும் சோதித்துவிடுங்கள். முன்பே தெரிந்திருந்தால் இரண்டாவது காதுக்கு அப்போதே முயன்றிருப்பேன். மற்றப் பிள்ளைகள் கேட்காததை உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வார்கள். இவளுக்கு வெளிச்சம் குறைந்தாலே அது முடியாது. பக்கப் பார்வையும் சுருங்கி வருகிறது. ரோட்டில் ஹாரன் அடித்தால் நின்றுவிடுகிறாள், எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல்.

இடது காது நரம்பு இத்தனை வருடம் சத்தமே அறியாதது, இப்போது போட்டால் வலது காது அளவுக்குப் பலன் இருக்காது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். திசை கொஞ்சம் பிடிபட்டாலும் போதும் என்று பணம் சேர்க்கிறோம்.

அதுவரை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண்ணைக் கட்டிக்கொண்டு பழகுகிறாள். கருவியின் வெளிப்பகுதியில் பேட்டரி மாற்றுவது, தலையில் காந்தம் ஒட்டும் இடத்தைத் தடவிக் கண்டுபிடித்து, சத்தத்தை உள்ளே அனுப்பும் காயிலை வைப்பது, எல்லாம் விரலாலேயே. போன வாரம் முழுதும் தானே செய்தாள். மாட்டி முடித்ததும், "பேசுங்கம்மா" என்றாள்.